கோடைப் பாலம்

ரப்பர் செருப்பை சிக்ரூன் மூன்றாம் தடவையாக முதுகுப்பைக்குள் திணித்தாள். ஹல்வார்ட் மூன்றாம் தடவையாக அதை உருவிக் கதவோரம் போட்டான்.

"ஆத்துல இறங்குறவனுக்குத்தான் அது. நான் பாலத்துல போறவன்."

"அரைக் கிலோகூட இருக்காது. கிடந்துட்டுப் போகட்டுமே."

"இப்படித்தான் அரை அரையா சேரும். அப்புறம் முட்டி என்னைத் திட்டும்."

குளியலறைத் தராசு சமையலறை நடுவில் கிடந்தது. ஒரு வாரமாக மனுஷர் யாரும் அதில் ஏறவில்லை, பைதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எடை குறைக்கிறேன் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை ரம்பத்தால் பாதியாக அறுத்து வைத்திருந்தான். பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக் காகிதத்தில் மடித்தாயிற்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். போட்ட திட்டம் ஐந்து நிமிஷம் பிசகினாலும் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

மேசையில் மலைப் பயணத்துக்கான வரைபடம் விரிந்திருந்தது. முதல் ராத்திரி கீழ்க்குடிலில். மறுநாள் நண்பகலுக்கு ஸ்வார்த்தா ஆறு. பாலத்தைத் தாண்டினால் சாயங்காலம் மேல்குடில். அதன் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால்தான் போன் கிடைக்கும். ஏறியதும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ஒரு வாரமாக நாக்கு நுனியில் நின்றதை சிக்ரூன் அப்போதுதான் கேட்டாள். "பாலம் இன்னும் இருக்கான்னு ஸ்டைனாரைக் கேட்டியா?"

ஹல்வார்ட் பையின் வாரை இழுத்துக் கட்டினான்.

ஸ்வார்த்தாவின் மேல் இருப்பது கோடைக்கு மட்டுமான பாலம். குளிர்காலப் பனி நொறுக்கிவிடாமல் இருக்க, இலையுதிர் காலத்தில் ஆடுகள் மலையிறங்கியதும் பலகைகளைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிடுவார்கள். ஆற்றின் மேல் இரண்டு இரும்புக் கம்பிகள் மட்டும் நிற்கும். அந்த வேலை ஹல்வார்டுக்கும் அவன் தம்பி ஸ்டைனாருக்கும்தான். அவள் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இருவரும்தான் தூக்குகிறார்கள். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

இந்த வருஷம் கோடை நடுவிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஸ்டைனாரின் நாய் ஹல்வார்டின் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்டது. "நாயையே அடக்கத் தெரியாதவன் எப்படி ஆடு வளர்க்கிறான்?" என்று இவன் கேட்டான். "பஸ் ஓட்டினவனுக்கு ஆட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரே சாலையில் எதிரெதிரே வண்டியில் வந்தாலும் ஒருவர் கையும் மேலே எழவில்லை.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான் ஹல்வார்ட் கடைசியில். "நான் இல்லாம அவன் அந்தப் பலகையில கை வைக்க மாட்டான்." வரைபடத்தை மடித்தபடியே சொன்னான்: "திரும்பி வந்ததும் நானே போயி அவனைக் கூப்பிடுறேன். ரெண்டு பேருமா போயி கழட்டிட்டு வர்றோம். போதும் இந்தக் கூத்து."

சிக்ரூனுக்கு மனசு லேசாகிவிட்டது. அவன் போன பிறகு தானே ஸ்டைனாருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். இனி எதற்கு, அண்ணனே கூப்பிடட்டும், அதுதான் அழகு என்று விட்டுவிட்டாள்.

ஹல்வார்ட் கிளம்பிய அன்று மதியமே மழை பிடித்தது. ராத்திரி முழுக்கக் கூரையில் ஒரே சத்தமாகக் கொட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் எதிர்மலையைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாமே மூடுபனி.

அந்த மூடுபனிக்குள்ளிருந்து ஸ்டைனார் வந்தான். துணியில் சுற்றிய ஆட்டுக்கறி கையில் இருந்தது. ஆடு வெட்டியதும் அண்ணன் வீட்டுக்கு ஒரு பங்கு கொண்டுவருவது அவன் வழக்கம். இந்த வருஷம் வராது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கறி என்னோடது, கூடப் போடுற முட்டைக்கோஸ் உன்னோடது," என்று கறியை நீட்டினான். "கிழவன் மலைக்குப் போயிட்டானா? நேத்து கார் போறதைப் பார்த்தேன்."

"ஆமா. உள்ள வா, காபி இருக்கு."

பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன் கதவோரம் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தான். "செருப்பு இங்க கிடக்கே. அப்ப ஆறு குறுக்க வராத பள்ளத்தாக்கு வழியாத்தான் போயிருப்பான்."

"இல்லையே. பாலத்து வழியா."

ஸ்டைனார் நிமிரவில்லை. ஒரு பூட்ஸ் கையில் இருக்க, அப்படியே குனிந்து நின்றான்.

"பாலம் இல்ல, சிக்ரூன்."

அவள் கறியை மேசை மேல் வைத்தாள்.

"மேல இந்தத் தடவை சீக்கிரமே பனி விழுந்துடுச்சு. ஆடெல்லாம் தானா இறங்கிடுச்சு. அவன் கூப்பிடுவான் கூப்பிடுவான்னு பார்த்தேன். கூப்பிடல. போன ஞாயிறு நானே கழட்டிட்டேன்."

"தனியாவா? அந்தப் பலகையையா?"

"இழுத்துட்டுப் போனேன்."

சிக்ரூன் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்துகூட ஆகவில்லை. "மத்தியானத்துக்குத்தான் ஆத்துக்கு வருவான். பாலம் இல்லைன்னா திரும்பிடுவான். ஒரு நாள் சாப்பாடு கூடவே வச்சிருக்கான்."

"வேற எவனா இருந்தாலும் திரும்புவான்."

"இவனும் திரும்புவான்."

"பலகை இல்லைன்னதும், யாரு எடுத்ததுன்னு அவனுக்குத் தெரியும்," என்றான் ஸ்டைனார். "நான் எடுத்ததுக்காக அவன் திரும்பி நடப்பானா?"

நாற்பது வருஷம் அவன் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா.

ஸ்டைனார் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டே மீட்புப் படையைக் கூப்பிட்டான். மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது என்றார்கள். பக்கத்துப் பண்ணை ஆட்களைத் திரட்டிக்கொண்டு குறுக்கு வழியில் வண்டி போகும் தூரம் வரை போய், அங்கிருந்து நடந்தே ஏறினான்.

சிக்ரூன் முட்டைக்கோஸை வெட்டினாள். வேறு என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. அடியில் கறி, மேலே கோஸ், அதன் மேல் கறி என்று அடுக்கி, குறுமிளகு தூவி, மெல்லிய தணலில் ஏற்றினாள். ஹல்வார்டுக்கு இது இரண்டாம் நாள் சுடவைத்துத் தின்றால்தான் ருசி. பன்னிரண்டு மணியானபோது அடுப்பை இன்னும் தணித்தாள். இப்போது ஆற்றங்கரையில் நிற்பான். இப்போது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவான். திட்டிவிட்டுத் திரும்பட்டும், திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும். சட்டியின் மூடி லேசாகத் தடதடத்துக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு கார் சாலையிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பியது. ஸ்டைனாரின் வண்டி இல்லை. ஊர்ப் பெண் பாதிரியாரின் சிவப்புக் கார். அந்தப் பள்ளத்தாக்கில் பாதிரியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் எதற்கு வருவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிக்ரூன் போய் அடுப்பை அணைத்தாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

பாதிரியார் காலணியைக் கழற்றி, ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். ஹல்வார்ட் முக்கால்வாசி ஆற்றைக் கடந்திருக்கிறான். கொஞ்சம் கீழே, அக்கரை வளைவில் கிடைத்தான். தண்ணீர் இழுத்தால் பையை உதறிவிடலாம் என்று அதன் இடுப்பு வாரை முறைப்படி அவிழ்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். காலுறை நனையக்கூடாது என்று கழற்றிப் பையின் மேல்பகுதியில் செருகிக்கொண்டு, வெறுங்காலில் பூட்ஸ் போட்டிருந்தான்.

"எப்படிக் கொண்டுவந்தாங்க?" என்று கேட்டாள் சிக்ரூன். "அவன் அக்கரையில இல்ல கிடந்தான்?"

பாதிரியார் அவள் கைகளை விடவில்லை. "கொட்டகையிலேர்ந்து பலகைகளை எடுத்து, ஸ்டைனார் பாலத்தைத் திரும்பப் போட்டான்."

அடக்கம் அடுத்த வாரம் நடந்தது. பெட்டியின் முன்முனையை ஸ்டைனார் தூக்கினான். தேவாலயத்துக்குப் பிறகு வீட்டில் காபியும் ரொட்டியும் கேக்கும். வந்தவர்கள் ஹல்வார்டின் பஸ்ஸைப் பற்றியும், தாமதமாக வரும் பிள்ளைகளுக்காக அவன் ஒரு நாளும் நிற்காததைப் பற்றியும் பேசிச் சிரித்தார்கள். ஸ்டைனார் ஜன்னலோரம் நின்று, ஆறிப்போன காபியைக் கையிலேயே வைத்திருந்தான். எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை.

"பலகை இன்னும் மேலதான் இருக்கு," என்றான். "சனிக்கிழமை பனி கொட்டும்னு சொல்றாங்க."

"ஆள் யாரையும் கூப்பிடலையா?"

"இல்ல. ரெண்டு தடவை போனேன். பார்த்துட்டுத் திரும்பிட்டேன்."

சிக்ரூன் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை அவன் மேல் விட்டெறிய வேண்டும் போல இருந்தது. உருளைக்கிழங்குப் பாத்திக்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட இரண்டு கிழட்டுக் கடாக்கள். இவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செத்தவன் மேல் அதைவிடக் கோபம். ஸ்டைனாரைக் கூப்பிட அன்றைக்கு அவள் எடுக்காமல் விட்ட போன் சுவரோரம் இருந்தது, அந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

"காலைல வண்டியோட வா," என்றாள். "நானும் வர்றேன்."

மறுநாள் மூடுபனி விலகியிருந்தது. உச்சிகளெல்லாம் வெள்ளையாகிவிட்டன. இருவரும் ஏறினார்கள். ஆறு வடிந்து, அடிக்கற்கள் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. இதிலா என்று தோன்றும்படி இருந்தது. சிக்ரூன் முதுகுப்பையைக் கீழே வைத்தபோது அதன் வாய் திறந்து, உள்ளே ரப்பர் செருப்பு தெரிந்தது. ஸ்டைனார் பார்த்தான்.

இருவரும் பாலத்தின் மேல் அக்கரை முனைக்குப் போனதும், முதல் பலகையின் திருகாணிகளை அவன் தளர்த்தினான். பிறகு இக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, குனிந்து, தன் முனையைத் தூக்கிக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் மறுமுனை கம்பி மேல் கிடந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அண்ணனுக்கு முன்னால் நின்ற மாதிரியே, பின்னாலிருந்து குரல் வருவதற்காக நின்றான்.

சிக்ரூன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"ம், நட," என்றாள்.