முப்பது டிகிரியில் ஈஸ்ட்

...முப்பதில் இருப்பதை அறுபது டிகிரி வைத்தால் போதும், குடுவை உட்கார்ந்திருக்கும் வெந்நீர்த் தொட்டியின், வாட்டர் பாத்தின் திருகை இரண்டு விரலால் பிடித்து ஒரு திருப்பு, குடுவைக்குள் இருக்கும் ஈஸ்ட் அத்தனையும் செத்துவிடும், செல்லுக்குள் வேலை பார்க்கும் என்சைம் வெந்த முட்டை மாதிரி ஆகிவிடும், யாருக்கும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை மதியம் காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தை எட்டிப்பார்க்கப் புறாவை விட்டால் யார் இருக்கிறார்கள்... புராஜெக்ட் பாழ், மறுபடி முதலிலிருந்து, மறுபடி என் புராஜெக்ட் கூட்டாளி தமிழ்மொழி நெரவியிலிருந்து பஸ் ஏறி வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வேண்டும், எப்படியும் மூன்று வாரம். ஈஸ்ட் பிழைத்துவிட்டால்? நாளைக்கு வடிகட்டி முடித்துவிடுவேன், அவள் வர வேண்டியதேயில்லை, இன்று அவளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஏதோ கம்பெனி, நல்ல பையன் என்கிறார்கள், நல்ல பையனாக இல்லாத மாப்பிள்ளையை யார் வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் மருந்து ஊற்றிச் செய்தால் மூலக்கூறு இடக்கை வலக்கை என இரண்டு வடிவத்திலும் சரிபாதி வரும், ஈஸ்டிடம் விட்டால் ஒன்றைத்தான் கொடுக்கும், எப்படிடா அதுக்குத் தெரியுது என்று முதல் நாள் கேட்டாள், ஜாதகம் பாக்கும் என்றேன், சிரித்தாள், அந்தச் சிரிப்பை நம்பி இத்தனை மாதமும் ஜோக்காகவே சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன், ஒரு தடவையாவது ஒழுங்காக... ஒழுங்காக என்றால் என்ன சொல்லியிருப்பேன்? கை திருகில்தான் இருக்கிறது. சர்க்கரை போட்டால் நுரைக்கிறது, தின்னவும் மூச்சுவிடவும் மட்டும் தெரிந்த ஜீவன், நாம் ஊற்றிய கீட்டோன் ரசாயனத்தையும் போகிறபோக்கில் ஆல்கஹாலாக்கி வைக்கிறது, இதைப் போய்க் கொல்வதா, கொன்றால் அவளுக்கென்ன, நேரம்தான் போகும், எனக்கு வேண்டியதும் அதுதானே...

போன். அவள்தான். பின்னால் மேளம், யாரோ காபி கேட்கிறார்கள்.

"நுரை வருதாடா?"

"நிச்சயத்துல உக்காந்துகிட்டுக் கேக்குற கேள்வியா இது?"

"வருதா இல்லையா, சொல்லு."

"வருது. பொங்குது."

மேளச் சத்தம் குறைந்தது, போனோடு தள்ளிப் போய்விட்டாள் போல.

"வரலன்னா திரும்ப செய்யணும், நாலஞ்சு மாசம் ஆகும், அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன்" என்றாள். "சரி, வக்கிறேன். தட்டு மாத்தக் கூப்புடுறாங்க."

நாலைந்து மாதமா, மூன்று வாரம்தானே ஆகும், செய்முறையை எழுதியவளே அவள்தானே, அவளுக்குத் தெரியாதா... தெரியும். தெரிந்துதான்... அப்படியானால் அவள் கேட்டது நுரையைப் பற்றியா? எதைக் கேட்டாலும் ஜோக்கடித்தே மழுப்புகிற நான் இதற்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன், வருது என்றதோடாவது நிறுத்தாமல் பொங்குது என்று வேறு...