மூன்றாவது எஞ்சினின் சத்தம்

1

இந்தக் கதையை ஒரு கேள்வியிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றும் சொல்லலாம்.

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று இருக்கிறது. நான் அங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. சிமுலேட்டரில் பழைய ஜெட் விமானம் ஓட்டும் ஒருவர், தரையிறங்கும்போது எஞ்சின் டம்மென்று வெடிக்கிறது என்று புகார் எழுதியிருந்தார். பதினேழு பேர் பதினேழு வைத்தியம் சொன்னார்கள். பதினெட்டாவது ஆள் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: "எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரிலிருந்து கையை எடுத்தாலும் சத்தம் வருகிறதா?"

புகார் எழுதியவர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. ஆண்டு இரண்டு ஆகிறது.

மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு" — அடித்துவிட்டேன். மழைக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாவது: "நான்கு எஞ்சின்களையும் அவள் தன் பிள்ளைகளைப்போல" — வேண்டாம். அவளுக்கு அவை பிள்ளைகள் அல்ல, நிரல்.

மூன்றாவது: "அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள்."

இது நிற்கட்டும்.

3

அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள். சிமுலேட்டருக்குள் சேர்த்து ஓட்டும்படி ஒரு பழைய ஜெட் விமானத்தை இருவருமாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். உடலும் இருக்கைகளும் அண்ணன் வரைந்தவை. எஞ்சின்கள் தங்கை எழுதியவை. புகார்களுக்குப் பதில் போடுவதும் அண்ணன் பொறுப்பு. அவனிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள். மற்றது, நன்றி.

"உன் மூணாவது எஞ்சின் மறுபடியும் வெடிக்குதாம்," என்றான்.

"யாருக்கு?"

"அதே ஆளுக்குத்தான். நாலு தடவ அழிச்சுட்டுப் போட்டுட்டார். அஞ்சாவது தடவ சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு."

"உனக்கா?"

"கொஞ்சம்."

"மத்த விமானத்துல வருதாமா?"

"இல்லையாம். நம்ம விமானத்துலதான். அதுவும் இறங்கும்போது மட்டும். மரியாதையாத்தான் எழுதறார். அதுதான் கஷ்டமா இருக்கு. திட்டினா நானும் திட்டலாம்."

[இங்கே கொஞ்சம் எஞ்சின். தாண்டிப் போகாதீர்கள், எட்டு வரிதான். புதிய விமானங்களில் விமானியின் கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கணினி உட்கார்ந்திருக்கும். கை எவ்வளவு பதறினாலும் அது நிதானமாகத்தான் எரிபொருளை விடும். பழைய விமானங்களில் நடுவே யாரும் இல்லை. லீவரை வெடுக்கென்று அசைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், டம்மென்று இருமும். அவள் அதை அப்படியே எழுதியிருந்தாள். நான்கும் ஒரே மாதிரி இருந்தால் பொம்மைபோல் ஆகிவிடும் என்று மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் பலவீனமான நெஞ்சு வைத்திருந்தாள்.]

புகார் எழுதியவரைப் பதிவுக் கோப்புகளை அனுப்பச் சொன்னாள். சிமுலேட்டர் நொடிக்கு இருபது முறை லீவர் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும். அவர் எட்டு நாள் ஓட்டி எட்டுக் கோப்புகள் அனுப்பினார். அவள் அவற்றைக் கோடாக வரைந்து பார்த்தாள். விமானம் உயரத்தில் பறக்கும்போது கோடு நேராக இருந்தது. இறங்கத் தொடங்கியதும் ரம்பத்தின் பல்லாக மாறியது.

அவர் மேசைமேல் வைத்து ஓட்டும் லீவரில் தூசி படிந்தாலும் கோடு ஆடும். ஆனால் தூசி எந்நேரமும் ஆட்டும். ஒன்பதாவது நாள், இறங்கும்போது ஒரு நிமிடம் லீவரை விட்டுவிடச் சொன்னாள்.

அந்த ஒரு நிமிடம் கோடு படுத்துவிட்டது. பிறகு மறுபடியும் பற்கள். எண்ணினாள். நொடிக்கு ஆறு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே பார்த்தான்.

"கையா?"

"கைதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எஞ்சின்ல தப்புன்னு ஏன் எழுதறார்?"

அவன் உட்கார்ந்தான். "எதுக்குச் சொல்லணும்? ஒரு வடிகட்டி எழுதிப் போடு. நாப்பது வரி இருக்குமா? கை ஆடினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. சரி பண்ணியாச்சுன்னு நான் பதில் போடறேன். மனுஷன் நிம்மதியா இறங்கிட்டுப் போவார்."

"அது பொய்."

"சத்தம் நிக்கும்ல? அப்புறம் என்ன பொய்?"

4

முதல் வரைவில் இந்த மனிதர் ஓய்வுபெற்ற நூலகர். தங்கை வடிகட்டியை எழுதினாள். அண்ணன் பதில் போட்டான். நூலகர் சத்தமில்லாமல் இறங்கி, தேநீர் குடித்தார். கதை ஆறு பக்கம். எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. கை நடுங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாத தொழிலாகப் பார்த்து அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அப்படியானால் அண்ணனின் கருணையால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அது கருணைதானா என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். அவருடைய தொழிலை.*

* மாற்றியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை.

5

வடிகட்டி அன்று மதியமே தயாரானது. வடிகட்டி என்று ஒன்று போடப்போகிறோம் என்று அண்ணன் அவருக்கு எழுதியும்விட்டான். அண்ணன் சொன்னபடியே சொல்லிவிடலாம் என்று அவளும் முடிவுசெய்திருந்தாள். கடிதம் எழுத வரவில்லை; வாயால் சொல்வது சுலபம் என்று நினைத்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எஞ்சின் எழுதினவங்களா? ரொம்ப சந்தோஷம்மா. ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்கறீங்களா? நாற்காலில ஆள் இருக்கு. பல்லை அடைச்சு முடிச்சுட்டு நானே கூப்பிடறேன்."

"நீங்க..."

"பல் டாக்டர்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் அவனும் கேட்டிருந்தான். கை தானாகக் கன்னத்துக்குப் போயிருந்தது.

"காபி ஜாஸ்தி குடிக்கிறவரா இருக்கும்," என்றான்.

"இருக்கலாம்."

"நீ ஒண்ணும் டாக்டர் இல்ல."

"இல்லதான்."

"சொன்னா அவர் பிழைப்பு போயிடும்."

"நீ போய் அவர்கிட்ட பல் பிடுங்கிக்குவியா?"

அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

[இந்த இருபது நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று — அடித்துவிட்டேன். அவள் எங்கும் போகவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.]

6

சொன்ன நேரத்துக்கு அழைத்தார்.

"சொல்லுங்கம்மா. மூணாவதுல என்ன தப்பு?"

"எஞ்சின்ல தப்பு இல்ல டாக்டர்."

"அப்ப லீவரா? புதுசு வாங்கிடறேன்."

"லீவரும் இல்ல. நீங்க கையை எடுத்தா கோடு நேரா நிக்குது. வச்சா ஆடுது. நொடிக்கு ஆறு தடவ."

அவருக்குப் பின்னால் யாரோ இரும்புத் தட்டில் எதையோ அடுக்கினார்கள்.

"எல்லா நாளுமா?"

"ஒன்பது நாளும்."

"நாலாவது நாள் காலைலகூடவா? அன்னைக்கு நான் காபி குடிக்கல. நல்லா தூங்கி எழுந்துதான் ஓட்டினேன்."

அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். நான்கு முறை அழித்துவிட்டு நிறுவியது எஞ்சினைச் சரிசெய்ய அல்ல. எஞ்சினில்தான் தப்பு என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்.

"அன்னைக்கும்தான்," என்றாள்.

"கிளினிக்ல தெரியல பாருங்க," என்றார். குரல் சாதாரணமாகவே இருந்தது. "நாங்க ஒரு விரல பக்கத்துப் பல்லுல ஊன்றிக்கிட்டுத்தான் வேலை செய்வோம். படிக்கும்போதே அப்படித்தான் பழக்குவாங்க. ஊன்றின கை ஆடாது. உங்க லீவர்லதான் ஊன்ற இடமே இல்லையே."

"டாக்டர், நான் கோட்டைத்தான் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியாது. வேற ஏதாவது சின்ன விஷயமாக்கூட..."

"இருக்கலாம்மா. நானும் என் நோயாளிங்ககிட்ட அப்படித்தான் சொல்வேன்." சிரித்தார். "உங்க அண்ணன் வடிகட்டின்னு ஒண்ணு போடலாம்னு எழுதியிருந்தாரே. அது போட்டா சத்தம் நின்னுடுமா?"

"நின்னுடும். எழுதி வச்சிருக்கேன்."

"சரி. இப்ப அனுப்பாதீங்க. நானே கேக்கறேன்."

"சரி டாக்டர்."

"நாளைக்குப் பத்தரைக்கு ஒரு கடைவாய்ப் பல் எடுக்கணும். வேர் வளைஞ்சிருக்கு. இருபத்தாறு வருஷத்துல அந்த மாதிரி எத்தனையோ எடுத்தாச்சு." நிறுத்தினார். "சும்மா சொல்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."



7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவர் அன்றே நரம்பு மருத்துவரைப் பார்க்கிறார். நல்ல முடிவு. ஆனால் அதை எழுதியபோது நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதில் அவர் பல்லை எடுக்கிறார். விரல் ஊன்றியிருக்கிறது, வேர் முறியாமல் வருகிறது, ஒன்றும் ஆகவில்லை. இதுவும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது: "அவர் அன்று மாலை மறுபடியும் விமானத்தை எடுத்தார், கையை லீவரில்" — முடிக்கவில்லை.

அவர்மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்த ஆளுக்கு முடிவு எழுத நான் தகுதியானவன் அல்ல. அண்ணனும் தங்கையும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான். ஆகவே அந்தக் கடைவாய்ப் பல்லை உங்களுடையதாக ஆக்குகிறேன்.

காலை பத்து இருபத்தைந்து. நான்கு நாளாக உங்களுக்கு வலி, ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறீர்கள். வரவேற்பு மேசைப் பெண் உங்களை உட்காரச் சொல்கிறாள். உள்ளே அவர் கை கழுவும் சத்தம் கேட்கிறது. நின்றுவிட்டது. கதவைத் திறந்து வெளியே வருகிறார், உங்கள் பெயரைச் சொல்கிறார், உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

பல்லை எடுக்கக் கையுறை போட்டிருக்கிறாரா, வெறுங்கையோடு வந்திருக்கிறாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.