மேற்பலகையில் வெட்டிய பெயர்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. விண்ணப்பங்களும் வருகைப் பதிவேடும் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாதவன். பெரியோர்கள் இந்தத் துணிவைப் பொறுத்தருள வேண்டும். பேச வேண்டிய இடத்தில் வாய் மூடியிருந்தவன் இப்போது எழுத வருவது முறையன்று என்பதையும் அறிவேன்.

வரதராசன்பேட்டைக்கு அருகில் ஒரு கிராமப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். ஒலியைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் ஒரே விதமாகவே தொடங்குவேன். இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் முன்வரிசைக்கு மட்டுமே கேட்கும். அதன் காலை மேசைமேல் ஊன்றினால் வகுப்பு முழுவதும் கேட்கும். வீணையிலும் வயலினிலும் அவ்வாறே, தந்தியின் சிறு அசைவை வாங்கிப் பெரிதாக்கித் தருவது மேற்பலகை. ஆகவே அது மெல்லியதாகவும் ஊறுபடாமலும் இருத்தல் வேண்டும் என்று விளக்குவேன். லீலா மேரி அப்பாடத்தை என்னிடம் கற்றவள்.

1946-ஆம் ஆண்டில் அவளுக்கு வயது பத்தொன்பது. தகப்பனார் காலமாகிவிட்டார். அவளும் தாயார் மரிய புஷ்பமும் சித்தப்பா வீட்டில், ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் ஒரு சுடுசொல் கேட்டு வாழ்ந்து வந்தனர். கோயில் பாடகர் குழுவில் அவள்தான் வயலின் வாசிப்பாள். திருச்சியில் ஒரு கன்னியர் பள்ளிக்குச் சொந்த வயலினுடன் வரக்கூடிய சங்கீத ஆசிரியை தேவைப்பட்டார். வாசித்துக் காட்ட அழைப்பு வந்தது. வேலை கிடைத்தால் தாய்க்கும் மகளுக்கும் அங்கேயே ஓர் அறையும் தருவார்கள். கோயில் வயலினைத் தன்னோடு கொண்டுபோகப் பங்குச் சாமியார் அனுமதித்திருந்தார்.

அந்த வயலினை வாங்கிக் கொடுத்தவர் அரிசி ஆலை உரிமையாளர் சாமிதுரை. எங்கள் பள்ளிக்குக் கூரை வேய்ந்ததும் அவரே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அதை லீலா மேரியிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏன் சார், கோயில் மணியில எங்கப்பா பேரு இருக்கு. குத்துவிளக்குல எங்கம்மா பேரு இருக்கு. நான் குடுத்தது மட்டும் அநாதையா கெடக்கே?"

"பெட்டி மேல எழுதிடலாங்க மாமா" என்றாள் லீலா மேரி.

"பெட்டிய மூலையில வச்சுட்டுத்தானே நீ வாசிக்கிற? மூலையில கெடக்கவா எம் பேரு? முன்னாடி வெட்டணும். உக்காந்து பாக்கறவன் படிக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார். மேல்பலகையில உளி படக் கூடாதுன்னு."

சாமிதுரை சிரித்தார். "சார் தங்கமான மனுஷன். யாருக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. என்ன சார்?"

"சின்ன எழுத்தா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

என் கையெழுத்து அழகென்பதால் 'சாமிதுரை உபயம்' என்று வரைந்து கொடுக்கும் பணியும் எனக்கே வந்தது. தச்சர் தங்கராசு பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்பளமாட்டம் இருக்கு சார். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உளிய எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"அவர் மனசு நோகுமே" என்றேன். தங்கராசு வெட்டினார்.

மறுவாரம் சாமிதுரை முன்வரிசையில் அமர்ந்து தம் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து மகிழ்ந்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கோ வயலின் கேட்கவேயில்லை.

"சத்தம் உள்ளயே முணுமுணுங்குது சார்" என்றாள் லீலா மேரி.

புதுத் தந்தி மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

அவளையும் தாயாரையும் அரியலூரிலிருந்து ரயிலில் திருச்சிக்கு அழைத்துச் சென்றவனும் நானே. கன்னியர் முன்னிலையில் அவள் புதுத் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். சுள்ளி முறிந்தது போல் ஓர் ஓசை. தந்திகளைத் தாங்கும் குதிரை பலகைக்குள் அமிழ்ந்தது. வெட்டிய எழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தது.

"இத யாரும்மா இப்படி வெட்டினது?" என்று தலைமைக் கன்னியர் கேட்டார்.

"எங்க ஊர் வழக்கங்க, மதர்" என்றாள் அவள். வாசற்படியருகே நின்றிருந்த நான் குடையைச் சுருட்டிப் பொத்தானை மாட்டினேன்.

திரும்பி வந்து அரியலூர் நிலையத்தில் இறங்கியதும் மரிய புஷ்பம் கேட்டார்: "பலகை தாங்காதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

லீலா மேரி என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்து மாட்டுவண்டியில் வைத்துவிட்டுத் தாயாருக்குக் கைகொடுத்து ஏற்றினாள். நான் இரவெல்லாம் நடந்தே ஊர் சேர்ந்தேன்.

இழந்தவை இவை: ஒரு வயலின். ஒரு சங்கீத ஆசிரியை வேலை. தாய்க்கும் மகளுக்கும் கிடைக்கவிருந்த ஓர் அறை. அவ்வாண்டுக் கோயில் திருவிழாவின் பாட்டு. தெருவில் என்னைக் கண்டால் நின்று பேசிவந்த ஒரு மாணவி.