விலகினால் லாபமா?

பிரிட்டன் என்றாலே கைலாஷுக்கு ஆகாது. பெண் கொடுத்த வீட்டாரிடம் மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வதுபோல அந்த நாட்டோடு முறுக்கிக்கொண்டிருந்தான். ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு அது விலகியது மகா மடத்தனம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று திருவனந்தபுரம் வலியசாலையில் பால் வாங்குகிற இடத்தில்கூடச் சொல்வான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் டியூஷன் எடுப்பவன், சொல்ல உரிமை உண்டு. ஆனால் உலகத்தில் எத்தனையோ நாடுகள் மடத்தனம் செய்கின்றன. அவற்றின் மேலெல்லாம் அவனுக்கு இந்தக் கோபம் இல்லை.

காரணம் சின்னதுதான். அந்த நாடு அவன் மனைவியைக் கூப்பிட்டிருந்தது.

ஸ்மிதா பத்து வருஷமாக நர்ஸ். லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று வேலை தருகிறேன் என்றது. ஆங்கிலப் பரீட்சையில் பேச்சுப் பகுதி ஒன்றுதான் பாக்கி, அதில் ஒன்பதுக்கு ஏழு வாங்கிவிட வேண்டும். முதலில் அவள் தனியாகப் போகவேண்டும். இவன் பின்னால் போய்ச் சேர ஒரு வருஷமாவது ஆகும்.

போன முறை ஆறரைதான் கிடைத்தது. பழி கைலாஷ் மேல்தான். விலகினால் ஒரு நாட்டுக்கு லாபமா என்று கேட்டால் சொல்ல, நாலு பக்கம் நோட்ஸ் எழுதிக் கொடுத்திருந்தான். அவளும் அதைக் காணாப்பாடம் படித்துப் போய், பரீட்சைக்காரர் முன்னால் செய்தி வாசிப்பதுபோல ஒப்பித்தாள். அவர் நடுவில் நிறுத்தி, "இதையே உன் தோழிக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான், வாயடைத்துப்போயிற்று.

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் பரீட்சை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த ஸ்மிதா, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவை நோட்ஸ் வேண்டாம், கேட்டேளா? என் வாயில வர்றதைச் சொல்றேன். நடுவுல புகுந்து திருத்தப்படாது."

"ஃபேக்ட்ஸ் தப்பாயிடுத்துன்னா?"

"சாரமில்லை, போனாப் போறது. அவா பாக்கறது என் இங்கிலீஷை. அந்த நாட்டோட ஜாதகத்தை இல்லை."

கைலாஷ் பென்சிலை எடுத்துக்கொண்டு பரீட்சைக்காரராக உட்கார்ந்தான். அதே கேள்வியைக் கேட்டான்.

அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். தன் வீடு, தன் அடுப்பு, தன் இஷ்டம் என்று தனிக்குடித்தனம் போகிறவர்களைப் பழிக்கமாட்டேன் என்றாள். கல்யாணமான புதிதில் மாமியாரைக் கேட்காமல் ஒரு மிக்ஸி வாங்க முடியாதபோது தனக்கும் அந்த ஆசை இருந்தது என்றாள். கைலாஷுக்கு இது புதுச் செய்தி. ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளியைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும், கூட்டமைப்பு நாடுகளிலிருந்து வந்திருந்த நர்ஸுகள் பலர் ஊர் திரும்பியதும் அந்த இரண்டாவது ஆளுக்குத் திண்டாட்டமாகிவிட்டது, அதனால்தான் திருவனந்தபுரம்வரை தேடுகிறார்கள் என்றாள். தன் இஷ்டப்படி நடக்கிற திருப்தி லாபம்தான், கூட நிற்க ஆள் இல்லாதது நஷ்டம்தான். எது பெரிது என்று ஓட்டுப் போட்டவரைக் கேட்காதீர்கள், படுக்கையில் கிடப்பவரைக் கேளுங்கள் என்று முடித்தாள்.

மறுத்துச் சொல்ல நாலு புள்ளிவிவரம் கைலாஷின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் பேச்சில் ஒரு தடங்கல் இல்லை. இவள் பாஸாகிவிடுவாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம், அதுதான் தொல்லை.

"எவ்வளவு?" என்றாள்.

"ஆறரை."

"எங்கே தப்பு?"

தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பென்சிலைக் கீழே வைத்தான்.

"தப்பே இல்லை. எட்டு கொடுக்கணும். ஸ்மிதா, போன தடவை நீ பாஸாகலைன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு சாலைக் கடைலேர்ந்து போளி வாங்கிண்டு வந்தேள். ஃபெயிலானவளுக்கு யாராவது போளி வாங்கிண்டு வருவாளா?"

கைலாஷுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பின்னே ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"என்ன சொல்றது? எனக்கு ரெண்டு வச்சேள். அழுதுண்டேதான் தின்னேன். நன்னாத்தான் இருந்தது."

இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் கைலாஷ் பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டான்.

"அந்த நாட்டுக்கு லாபமோ நஷ்டமோ, நீ போனா எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் நீ போகணும். சனிக்கிழமை இதே மாதிரி பேசு. கடைசியில ஒண்ணு கேப்பா, 'ஊரை விட்டு வர்றதுல உனக்கு எது கஷ்டம்'னு. அதுக்கு என்ன சொல்லுவே?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கைலாஷ் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதிப் பயற்றங்காயை அவனே நறுக்க ஆரம்பித்தான்.