சாப்பாட்டு நேரத்தில் போகும் சத்தம்

1

இந்தக் கதை என் வீட்டு டிவியில் ஒரு மாமியார் வாயைத் திறந்தபோது தொடங்கியது. தொடரில் வரும் மாமியார்தான். 2010, கார்த்திகை மழைக்காலம். "அந்தக் குழந்தைக்கு அப்பா யாருன்னா..." என்று அவள் இழுத்ததும் சத்தம் நின்றுபோனது. திரையின் மூலையில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வந்தன. வாய் மட்டும் அசைந்தது. சத்தம் திரும்பி வந்தபோது பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, ரிமோட்டு மேல உக்காந்துக்கினு இருக்கீங்களா?" என்றாள் என் மனைவி செண்பகம்.

ரிமோட் அலமாரிமேல் இருந்தது. மறுநாளும் அதே சேனல், அதே நேரம், அதே கோடு. அதற்கு மறுநாளும். உரக்கடையைப் பூட்டிவிட்டு நேராகக் கேபிள் தொம்மை வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கதை எழுதும் எண்ணமெல்லாம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "திண்டிவனத்து வானம் எண்களால் நிரம்பியிருந்தது. அவற்றை மனிதக் குரல்களாக மாற்றும் அந்த அறையில்—"

[அடித்துவிட்டேன். திண்டிவனத்து வானத்தில் நிரம்பியிருப்பது கொசு.]

இரண்டாவது தொடக்கம்: "1993இல் தொம்மை தன் முதல் கேபிளைப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கட்டியபோது—"

[இதையும் விட்டேன். முருங்கை மரத்துக்காரர் யார், ஏன் சம்மதித்தார் என்றெல்லாம் எழுத வேண்டிவரும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.]

நேராகவே சொல்கிறேன். செயற்கைக்கோளிலிருந்து வருவது டிஜிட்டல். நம் வீடுகளில் இருந்த பெட்டி டிவிகளுக்கு அது விளங்காது. அதனால் தொம்மையின் மாடியறையில் ஒரு சேனலுக்கு ஒன்று என்று செட்டாப் பாக்ஸ்களை அடுக்கி வைத்திருந்தான். அவை வந்ததைப் பிரித்துப் படமும் சத்தமுமாக்கிக் கொடுக்கும். இன்னொரு மெஷின் அதை அனலாக் ஆக்கிக் கேபிளில் ஏற்றிவிடும். அந்த அறையில் ஒரு பாக்ஸின் சத்தத்தை நிறுத்தினால் ஊர் முழுக்க நிற்கும்.*

*ஒரு ரிமோட்டை அழுத்தினால் எல்லாப் பாக்ஸும் கேட்கும் என்பதால் மற்றவற்றின் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். மாமியார் தொடர் வரும் பாக்ஸில் மட்டும் டேப் இல்லை. ஏன் என்றேன்.

"அது வூட்ல பாக்கற சேனல்ணே" என்றான் தொம்மை.

3

வீடு என்றால் அவன் மனைவி இருதயசெல்வி. மேலே அவன், கீழே அவள், நடுவில் படிக்கட்டு. பசித்தால் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிட மாட்டான். அவள் பார்க்கும் சேனலின் சத்தத்தை நிறுத்துவான். அவள் எழுந்து கேப்பைக் களியோ தோசையோ தட்டில் போடுவாள். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தத்தைத் திரும்ப விட்டுவிட்டு இறங்கி வருவான். இவனுக்குப் பசிக்கிற சேதி இத்தனை வருஷமாகத் திண்டிவனத்தில் பாதி வீடுகளுக்குப் போயிருக்கிறது. அந்த மழைக்காலம் வரை நான் கடையை மூட நேரமாகும், அதனால் எனக்குத் தெரியவில்லை. செண்பகத்துக்குத் தெரிந்திருந்தாலும் பழியை என்மேல்தான் போட்டிருப்பாள்.

புகார் சொல்ல யாராவது போன் செய்தால் இருதயசெல்விதான் எடுப்பாளாம். "சவுண்டு எங்கியும் போவலைங்க. அவரு சாப்பிட வர்றாரு. செத்த இருங்க, வந்துடும்."

இதைச் சொல்லும்போது தொம்மை சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சண்டை போட வந்தவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காப்பியை அவனே போட்டான். அப்போதுதான் கேட்டேன், "எங்க, வூட்ல இல்லியா?"

அவள் போய் மூன்று மாதமாகியிருந்தது.

3 (மறுபடியும், ஏனென்றால் மேலே சொன்னதில் அவன் நல்லவனாகத் தெரிகிறான்)

இருதயசெல்வியின் அப்பாவுக்கு வருஷ நினைவுப் பூசை. கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், மருமகனைக் காணோம். அன்றைக்குக் கிரிக்கெட். மேட்ச் வரும் பாக்ஸ் தகராறு செய்தது. இவன் அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, கல்லறைக்குப் போய் மெழுகுவத்தியும் ஏற்றியாகிவிட்டது.

"ஊரு ஒரு நாளு மேட்ச் பாக்கலன்னா செத்துப் பூடுமா? செத்தது எங்க அப்பா" என்று அவள் போனில் சொன்னாள். அண்ணன் சவரிமுத்துவோடு மரக்காணம் ரோட்டிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நேரில் போன தொம்மையை மச்சான் வாசலிலேயே நிறுத்தினான். போனை அவள் எடுக்கவில்லை.

ஆனால் தாய்வீட்டுக்கும் போவது தொம்மையின் கேபிள்தான். அதனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சேனலின் சத்தத்தை நிறுத்தினான். ஊரே போன் செய்து திட்டியது. ஒவ்வொரு போனையும் ஓடி ஓடி எடுத்தான். அவள் போன் வரவில்லை.

எனக்கு இந்த ஆள்மேல் எரிச்சல்தான் வருகிறது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்காமல் இது என்ன கூத்து? கதாபாத்திரமாக இவனை வைத்துக்கொள்ளலாமா என்று இன்னும் குழப்பமாக இருக்கிறது. அவனிடமே சொன்னேன், "பசிக்குதுன்னு சொல்றியே, தப்புதான்னு சொன்னியாடா?"

"அதுக்கு ரிமோட்ல பட்டன் இல்லியேண்ணே" என்றான். அடிக்கலாம் போலிருந்தது. முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

4

முடிவுகள்.

(அ) ஒரு நாள் போன் வருகிறது. "சவுண்டு வரல" என்கிறாள். அவ்வளவுதான், இவன் அழுதுவிடுகிறான். [செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். "சினிமா" என்றாள்.]

(ஆ) சவரிமுத்து கேபிளை வெட்டி எறிகிறான். தொம்மை அதைப் பார்த்துக்கொண்டே— [பார்த்துக்கொண்டே என்ன செய்வான்? தெரியவில்லை.]

(இ) எழுதவில்லை. விழுப்புரம் போகும் பஸ்ஸில் யோசித்தேன். இறங்குவதற்குள் மறந்துவிட்டது.

5

முடிவு கிடைக்காமல் தை மாதம் மறுபடியும் தொம்மையிடம் போனேன். சத்தம் அப்போதும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் தொம்மை புது லைன் இழுக்கப் போய்விட, மாடியறையில் அவன் வேலைக்கு வைத்திருந்த சீனுவாசன் இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும்.

"நீங்களா சத்தத்த நிறுத்தறீங்க?"

"ஆமாங்க. தெனம் இந்த நேரத்துல பாக்ஸுக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு ஓனரு சொல்லியிருக்காரு. இல்லன்னா சூடாயி பேஜாரு பண்ணுமாம்."

கீழே வந்து, லைன் வேலை முடித்துத் திரும்பிய தொம்மையைப் பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டான். "பொண்டாட்டிக்குன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது? மொத நாளு அப்படிச் சொல்லி வச்சேன். நான் விட்டுட்டேண்ணே, மார்கழியிலேயே விட்டுட்டேன். அவருதான் பண்ணிக்கினு இருக்காரு."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

அவன் கையிலிருந்த கேபிளைச் சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்று முடிந்ததும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினான். "சொல்லலண்ணே" என்றான்.

விட்டுவிட்டான் என்று எடுத்துக்கொள்வதா, விடவில்லை என்றா? மூன்று நாள் எழுத உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை.

6

கடைசியில், எழுத்தாளர்கள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதை விஷயமாகப் போவதுபோல மரக்காணம் ரோட்டுக்குப் போனேன். சவரிமுத்து வெளியே போயிருந்தான். இருதயசெல்வி என்னை உரக்கடைக்காரராகத் தெரிந்து வைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள். கூரையைப் பார்த்தேன். மேலே டிடிஎச் குடை இருந்தது.

"அண்ணன் ஐப்பசியிலியே விழுப்புரத்துலருந்து ஆள இட்டாந்து மாட்டிச்சு" என்றாள். "அவரு கேபிளு இந்த வூட்டுக்கு வேணான்னுட்டுது."

ஆக, நான் முதன்முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வீட்டில் அது நின்றுவிட்டிருந்தது. என் வீட்டுக்கு வந்தது, ஊருக்கெல்லாம் வந்தது, இவளுக்கு மட்டும் வரவில்லை. கிளம்புவதுபோல எழுந்தேன்.

"அண்ணா" என்றாள். "இங்க மொத ரெண்டு மாசமும் பாத்துக்கினு இருந்தேன். தெனம் நிறுத்துவாரு. போனக் கையில எடுப்பேன், வச்சுடுவேன். கோவம் தீரல." கொஞ்சம் தயங்கினாள். "இப்பவும் பண்றாரா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேனோ என்னவோ. ஆமாம் என்றால், அவள் யாரை நம்பிப் போகிறாள்? ஓனர் சொல்லைத் தட்டாத சீனுவாசனையா? இல்லை என்றால், நிறுத்தச் சொல்லாமல் கேபிளைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தவனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அண்ணன் வருது. ஜல்தியா சொல்லுங்கண்ணா."

அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். மற்றது இன்னும் தரையில் கிடக்கிறது. நான் எழுதியவரைக்கும் இவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, அவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். சொல்லிவிடுங்கள்.