எதிராகப் போன வில்

நிகாசியோ சுருபிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் அப்படித்தான். சான் எலியாஸ் கோவில் இசைக்குழுவில் அவர் முதல் வயலின், நான் கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோ. மற்ற நாட்களில் அவர் முடி வெட்டுவார், நான் சந்தையில் மாட்டிறைச்சி வெட்டுவேன். ஐம்பது வயதிலும் தலைக்கும் மீசைக்கும் கறுப்பு மை பூசிக்கொண்டு, குழுவையே தான்தான் பெற்றுப் போட்டதுபோல நடப்பார். யாருடைய வில்லாவது கொஞ்சம் பிசகினால் முட்டியில் ஓர் அடி விழும்.

பெற்ற மகனையும் அவர் விடவில்லை. கிறிஸ்பின் வயோலா வாசித்துக்கொண்டிருந்தான், கெட்டிக்காரன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அறைந்த அறையில் அவனுக்கு இடது காது போனது. வயோலாவைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு வெளியேறியவன், பெரிய பண்ணையில் லாரி ஓட்டப் போய்விட்டான். அப்பன் வாசிக்கிற கோவிலுக்குள் செத்தாலும் கால் வைக்கமாட்டேன் என்று நடுச்சந்தையில் நின்று சத்தியம் செய்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அந்தக்காலத்துப் பாதிரிமார் உண்டாக்கிய எங்கள் மிஷன் ஊர்களில் பரோக் இசை விழா நடக்கும். முந்நூறு வருடத்துப் பழைய சங்கீதம். எங்கள் முன்னோர்கள் கையால் படியெடுத்துக் கறையானிடமிருந்து காப்பாற்றியது. அந்த முறை விழா எங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தது. மாலையில் நாங்கள் வாசித்து முடித்ததும், விழாப் பஸ்ஸில் ஏறி அடுத்த ஊருக்குப் போகவேண்டும். அந்தப் பஸ்ஸைத்தான் நான் மலைபோல் நம்பியிருந்தேன்.

என் தம்பி அன்செல்மோ பண்ணையின் புல்டோசரைக் கொளுத்திவிட்டான். எங்கள் ஊர்க் காட்டை மாட்டுக்குப் புல்வெளி ஆக்க வழித்தெடுக்க வந்த புல்டோசர் அது. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் செய்தான், ஆனாலும் பெயர் எப்படியோ வெளியே போய்விட்டது. பண்ணைக் கங்காணி ரிபேரா அவனைத் தேடி ஊரையே அடித்துத் துவைத்தான். அன்செல்மோவோடு சீட்டாடுகிற ஒருவனின் தாடையை உடைத்தான். நான் இல்லாத நேரத்தில் என் கடைக்கு வந்து, கொக்கியில் தொங்கிய இறைச்சி முழுவதிலும் மண்ணெண்ணெய் ஊற்றினான். எல்லா வழிகளிலும் ஆள் நிறுத்தியிருந்தான். வெளியூர் விருந்தாளிகளும் பத்திரிகைக்காரர்களும் வந்துபோகும் விழாப் பஸ்ஸை மட்டும் நிறுத்த அவனுக்குத் தைரியம் இல்லை.

அதனால் விழா அன்று காலை ஒத்திகைக்கு அன்செல்மோவையும் கூட்டிக்கொண்டு போனேன். தாடியை மழித்து, குழுவின் வெள்ளைச் சட்டையை மாட்டி, காய்ச்சலில் கிடந்த ஒருவரின் செல்லோவைக் கையில் கொடுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எங்கள் ஊரில் வில் பிடிக்கத் தெரியாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும், என் தம்பி அவர்களில் ஒருவன். சின்ன வயதில் பாடத்துக்கு அனுப்பினால் மீன் பிடிக்கப் போய்விடுவான்.

நிகாசியோ பார்த்ததும் வந்துவிட்டார்.

"என்ன கண்றாவி இது?"

"கண்ணு தெரியலையா அண்ணே? என் தம்பி."

"ஒன் தம்பியத் தெரியுது. அவன் கையில செல்லோ எதுக்கு?"

"சத்தம் வராது. வில்லுல கொழுப்புத் தடவியிருக்கேன்."

வில்லின் குதிரை முடியில் பிசுக்குப் பட்டால் தந்தி வாய் திறக்காது, வழுக்கிக்கொண்டு போகும். நல்ல மாட்டுக் கொழுப்பாக எடுத்து நானே தேய்த்திருந்தேன்.

"அடிப்பாவி! நல்ல வில்லுடி அது! ஒனக்கு ஒடம்பு பூராக் கொழுப்பு, அத வில்லுல வேற பூசணுமா?"

"பஸ் ஏறுற வரைக்கும்தான்."

"என் குழுவுல மரக்கட்டைக்கு எடம் கெடையாது. எழுப்பு அவன."

"அப்ப நீங்களே போயி ரிபேராகிட்ட காட்டிக் குடுத்துடுங்க. மகன் அங்கதான இருக்கான்? குடும்பத்தோட சம்பளம் வாங்கலாம்."

அவர் முகம் செத்துப்போனது. திரும்பிப் போகும்போது அன்செல்மோவின் விரல்களைப் பிடித்து வில்லில் சரியாக வைத்துவிட்டு, "இப்படியாவது பிடிச்சித் தொலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வானவர் கீதத்தை எடுத்தோம். பாதியில் லாரிச் சத்தம் கேட்டது. வெளியே தாழ்வாரத்தில் விருந்தாளிகளுக்குப் பாலாடைக்கட்டி ரொட்டி உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். மணியடித்துக் கதவு பார்த்துக்கொள்ளும் கோவில் பிள்ளை பெரிய கதவைச் சாத்த ஓடினார். சாத்துவதற்குள் கோடாலிக் காம்பு ஒன்று இடுக்கில் நுழைந்து அவர் வாயில் இறங்கியது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் தன் பற்களைத் துப்பி, யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிபேரா உள்ளே வந்தான். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். பங்குச் சாமியார் விருந்தாளிகளை அழைக்கப் போயிருந்தார். ஊர்ப் போலீஸ்காரன் விடியும்போதே எங்கேயோ கிளம்பிவிட்டான், அவனுக்கு யார் தகவல் சொன்னார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

"அன்செல்மோ சுவே இங்கதான் இருக்கான்னு தெரியும். எழுந்திரு," என்றான் ரிபேரா.

யாரும் அசையவில்லை. அவன் எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தான். போகிறபோக்கில் குறிப்புத்தாள் வைக்கிற பலகை ஒன்றைக் காம்பால் அடித்துப் பிளந்தான். ஒரு பெண் அழுதாள்.

"சொல்ல மாட்டீங்க. நல்லது. எனக்கு அவன் மூஞ்சி தெரியாது. லாரியில கிறிஸ்பின் இருக்கான், அவனுக்குத் தெரியும், ஆனா நாயி உள்ள வரமாட்டேங்குறான். அப்பன் வாசிக்கிற எடத்துல கால வெக்க மாட்டானாம். ஒங்கள்ல எவன் அவன் அப்பன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஆனா ஒரு வழி சொல்லிக் குடுத்தான். அன்செல்மோவுக்கு வாசிக்கத் தெரியாதாம். ஒங்க குழுவுல எல்லா வில்லும் ஒரே பக்கமாத்தான் போகுமாம். எவன் வில்லு எதிர்ப்பக்கம் போகுதோ அவனப் பிடிச்சுக்கோன்னான். வாசிங்க. நான் பாக்குறேன்."

அவன் சொன்னது உண்மை. ஒருவர் வில்லை இழுத்தால் எல்லோரும் இழுப்போம், ஒருவர் தள்ளினால் எல்லோரும் தள்ளுவோம். மூச்சு விடுவதுபோல அது பழகிப்போயிருக்கும். சத்தத்தை மறைக்கக் கொழுப்பைத் தடவினேனே தவிர, கை எந்தப் பக்கம் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதைக் காதால் கேட்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

நிகாசியோ வயலினைத் தோளில் வைத்தார். மகன் பெயரைக் கேட்டதிலிருந்து அவர் யாரையும் பார்க்கவில்லை. தலையை அசைத்தார், ஆரம்பித்தோம்.

நாங்கள் இழுத்தபோது அன்செல்மோ தள்ளினான்.

ரிபேரா அப்போது வயலின்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் என் வில்லை நிறுத்தி, தம்பியின் வில்லைப் பார்த்து, அவன் போகும் பக்கம் மாற்றிப் போட்டேன். இடது கையால் எழுதுவதுபோல இருந்தது. எனக்கு எதிரே இருந்த எவுசேபியா கண்ணைச் சுருக்கினாள், புரிந்துகொண்டாள், அவளும் மாற்றினாள். அவள் பக்கத்தில் இருந்தவன் மாற்றினான். வயோலாக்கள், இரண்டாம் வயலின்கள், முதல் வயலின்கள் என்று வரிசை வரிசையாக மாறியது. பேசி வைக்கவில்லை. வில்லே பிடிக்கத் தெரியாத ஒருவன் பின்னால் முப்பது பேர் போனோம். பாட்டு நொண்டியது, அழுத்தவேண்டிய இடமெல்லாம் தளர்ந்து போனது. ரிபேராவுக்கு அது தெரியுமா என்ன!

நிகாசியோ மட்டும் மாற்றவில்லை.

முன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாந்தா குரூஸ் பிஷப்பே வந்து கேட்பதுபோல, அத்தனை சுத்தமாக, அத்தனை சரியாக வாசித்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன கௌரவம் பிடித்த மனுஷா, மாற்றித் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் ஒருமுறை தலையைத் திருப்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். முப்பது வில்லும் ஒரு பக்கம் போவதைப் பார்த்தார். மறுபடி முன்னால் திரும்பி, இன்னும் நீளமாக, தூரத்திலிருந்தும் தெரியும்படி வில்லை இழுத்தார்.

ரிபேரா சிரித்தான். மை பூசிய தலையும் மீசையும் அவனுக்கு வயதைக் காட்டவில்லை.

"நீதான அன்செல்மோ சுவே?"

நிகாசியோ வயலினை நாற்காலியில் பதவிசாக வைத்தார். "ஆமா," என்றார்.

முதல் அடி கழுத்தில் விழுந்தது. அவர் கீழே போனார். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு அக்கறையாகச் சீவி வைத்திருந்த முடி. ரிபேராவின் கையெல்லாம் கறுப்பு மை. வாசற்படியில் அவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வலது கையின் முழங்கையில் காம்பால் அடித்தான். மாட்டுக் காலை உடைக்கும்போது வரும் சத்தம் எனக்குத் தெரியும். அதே சத்தம்தான்.

அன்செல்மோ எழுந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுக்கா. நான் போறேன்."

"உக்காரு."

"அந்தாளக் கொன்னுருவானுங்கக்கா!"

"கொல்லட்டும்."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இருபது வருடம் எலும்பு வெட்டிய கை இது. அவனால் உதற முடியவில்லை. நகம் தோலுக்குள் இறங்கி ரத்தம் வந்தது. அவன் என்னை நெஞ்சில் குத்தினான், நான் விடவில்லை. வெளியே ஒவ்வோர் அடி விழும்போதும் அவன் உடம்பு துள்ளியது, எனக்கும் துள்ளியது. நான் விடவில்லை.

திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கிறிஸ்பின் ஸ்டியரிங்கில் இருந்தான். ரிபேரா நிகாசியோவைப் புழுதியில் லாரிக்கு முன்னால் தள்ளினான். முகம் முழுக்க ரத்தமும் மையும் ஒழுக, அவர் ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். மகனைப் பார்த்தார்.

"இவன்தானடா?" என்று கேட்டான் ரிபேரா.

கிறிஸ்பின் வாயைத் திறந்தான், மூடினான்.

"காதுல விழலையாடா செவிட்டு நாயே! இவன்தான அன்செல்மோ?"

நிகாசியோ புழுதியில் கிடந்தபடியே மகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். பாட்டு ஆரம்பிக்கும்போது எங்களுக்கு அசைப்பாரே, அதே அசைவு.

"ஆமா," என்றான் கிறிஸ்பின். "அவன்தான்."

இதைப் பற்றி ஊரில் இன்றுவரை சண்டை. பழி தீர்த்தான் என்கிறார்கள் சிலர். அப்பன் பேச்சை முதல்தடவையாகக் கேட்டான் என்கிறார்கள் சிலர். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பழி தீர்க்கிறவன் அப்படி அழமாட்டான்.

ரிபேரா நன்றாக ஓங்கி அடிக்க வசதியாக இரண்டு எட்டு பின்னால் போனான். தாழ்வாரத்துச் செதுக்குத் தூணில் முதுகு படும்வரை போனான். காம்பைத் தலைக்கு மேல் தூக்கினான். லாரி உறுமியது. நிகாசியோவின் காலை ஒட்டித் திரும்பி நேராகப் பாய்ந்து, ரிபேராவை இடுப்போடு தூணில் அறைந்தது. ஓடுகள் சரிந்து விழுந்தன. கோடாலிக் காம்பைப் பிடித்தபடியே அவன் கத்தினான். கிறிஸ்பின் பின்னால் எடுத்தான், மறுபடி மோதினான். அதன்பிறகு கத்தவில்லை.

துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் சுட்டதில் லாரியின் முன் கண்ணாடி உடைந்து கிறிஸ்பினின் தோளில் குண்டு பாய்ந்தது. இரண்டாவது குண்டுக்கு ரொட்டிப் பெண்கள் நேரம் கொடுக்கவில்லை. அடுப்புத் துடுப்போடு அவர்கள் இருவர்மேலும் பாய்ந்தார்கள். அதற்குப்பிறகுதான் தம்பியின் கையை விட்டேன், நானும் ஓடினேன். தரையில் கிடந்த துப்பாக்கிக்காரனை உதைத்தேன், அவன் விலா உடைந்தது என் காலுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

விழா நின்றுபோனதா என்றால், இல்லை. மாலையில் பஸ்ஸில் விருந்தாளிகள் வந்தார்கள், படிக்கட்டு ஈரமாக இருக்கிறதே என்று கேட்டார்கள், கழுவினோம் என்றோம். முதல் நாற்காலியைக் காலியாக விட்டு வாசித்தோம். இந்தமுறை எல்லோருடைய வில்லும் சரியான பக்கம் போனது. இரவு அன்செல்மோ எங்களோடு பஸ் ஏறினான். வழியில் யாரும் நிறுத்தவில்லை.

நிகாசியோவின் வலது கையை முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். கிறிஸ்பின் சாந்தா குரூஸ் சிறையில் இருக்கிறான். அப்பன் மாதாமாதம் பஸ் பிடித்துப் போகிறார். உள்ளே இருவரும் என்ன பேசுவார்கள் என்று கேட்டதற்கு, "ஒனக்கு எதுக்குடி அது?" என்று கடித்தார். அவருக்கு என்னைக் கண்டால் இன்னும் ஆகாது.

அன்செல்மோ ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பினான், புல்டோசர் வழக்கு அதற்குள் ஆறிப்போயிருந்தது. வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே வா என்றேன்.

"நீ அன்னிக்கு விட்டிருந்தா அந்த மனுஷன் கை பொழச்சிருக்கும்."

"ஆமா. நீ பொழச்சிருக்க மாட்ட."

"அத நான்தான் முடிவு பண்ணியிருக்கணும்."

"இன்னொரு தடவ வந்தாலும் விடமாட்டேன்டா."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருடம் ஆகப்போகிறது, அடுத்த விழாவுக்குத் தோரணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சந்தையில் என் கடையைச் சுற்றிக்கொண்டு போய் வேறு கடையில் இறைச்சி வாங்குகிறான். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெற்ற தாய் இறந்தபின் நான் ஊட்டி வளர்த்த பிள்ளை, வலிக்கத்தான் செய்கிறது. போகட்டும். எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் அல்லவா.