உப்பான ரெமிஜியஸ்

தொண்ணூற்றாறில், சம்பாவுக்குத் தண்ணீர் வந்த அன்று, ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர் வாய்க்காலில் ரெமிஜியஸ் வைத்த கால் மஞ்சளாகத் தீப்பற்றியது. படாரென்று ஒரு சத்தம். கரையேறியதும் தீ அணைந்துவிட்டது. சவூதியில் ஆறு வருடம் ஒரு ரசாயனக் கம்பெனியில் சோடியக் கட்டிகளை வெட்டி அடுக்கியவன் அவன். சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் மண்ணெண்ணெயில்தான் போட்டுவைப்பார்கள். வெண்ணெய்போல வெட்டுப்படும். வெட்டிய இடம் வெள்ளியாக மின்னி, காற்றுப் பட்டதும் மங்கிவிடும். அவனும் அப்படியே ஆகியிருந்தான். சவரம் செய்த கன்னம் பளபளத்து, காப்பி ஆறுவதற்குள் சாம்பல் பூத்தது. பெட்ரோல் உடம்பில் ஊறிவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. ரேஷன் மண்ணெண்ணெய் தடவினால் மட்டும் சாந்தமாக இருந்தான். அவன் கால் நனைந்த தண்ணீர் வழுவழுப்பாகி, பெண்கள் சோப்பில்லாமல் துணி வெளுத்தார்கள்.

அவனை அனுப்பிய ஏஜெண்ட் துரைராசு வந்து பார்த்தார். “தம்பி, தண்ணியில்லாத ஊருதான் ஒங்களுக்குத் தோது. மறுபடி டிக்கெட் போட்டுடறேன். வயல நான் குத்தகைக்கு எடுத்துக்கறேன்.”

“நான் போகலண்ணே. நடவுக்கு நானே எறங்கறேன்.”

“எறங்குங்க. நாத்து அப்படியே கீரையா வெந்துடும்.”

அவன் மனைவி அனிட்டா ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைப்பவள். அந்த ஆறு வருடத்தில் குளோரின் அவளுக்குள் குடியேறியிருந்தது. அவள் மூச்சுப் பட்டால் கண் எரியும், கொசு விழும், சேலைச் சாயம் வெளுக்கும். பயந்துபோய் இருவரும் தள்ளித் தள்ளியே படுத்தார்கள். துரைராசு போனதும் அனிட்டா ஒரு துணியை நீட்டினாள்.

“மண்ணெண்ணெயத் தொடைச்சிட்டு கிட்ட வாங்க.”

“எரிஞ்சிடுவோம் அனிட்டா.”

“எரிஞ்சா எரியட்டும். இன்னொரு தடவ ஒங்கள மணலுக்கு அனுப்பிட்டு ஒக்காந்திருக்க என்னால ஆகாது.”

கட்டிப்பிடித்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் தெருவே தெரிந்தது. நாலு ஓடு வெடித்தது. வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் ஓடிவந்தபோது இருவரும் புருவமெல்லாம் வெள்ளைப் பொடியோடு நின்றிருந்தார்கள். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “அட, சோத்து உப்பு!” என்றாள்.

மறுநாள் இருவரும் நடவில் இறங்கினார்கள். தீயுமில்லை, நெடியுமில்லை. துரைராசு வரப்பில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வேறு ஆள் தேடிப் போனார். அந்த வயலில் இப்போதும் உப்பைத் தாங்கும் நெல் ரகம்தான் போடுகிறார்கள். அந்த அரிசிக் கஞ்சிக்கு யாரும் உப்புப் போடுவதில்லை. வயலைவிட்டு ஏறும்போது இருவர் காலும் கரைந்து சற்று இளைத்திருக்கும், சாப்பாட்டில் தேறிவிடும். ஐப்பசி அடைமழைக்கு மட்டும் இருவரும் ஜாடி உப்பைப்போலக் கசிகிறார்கள். அப்போது வாசலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார்கள். போகிறவர்கள் மழை எப்போது விடும் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு போவார்கள்.